புயலைத் திருப்பியவர்

பேராசிரியர் நாவுக்கரசுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் முப்பத்தோரு வருஷமாகக் கடவுள்கள்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். சமய ஒப்பாய்வுத் துறையின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘இயற்கையும் எந்திரமும்: உலக மதங்களின் பார்வை’ என்று அறுநூறு பக்கத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதை முழுக்கப் படித்தவர் மெய்ப்புத் திருத்தியவர் ஒருவர்தான். அவரும் நானூறாம் பக்கத்துக்கு மேல் பிழைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார் என்பதை நாவுக்கரசு புத்தகம் வந்த பிறகுதான் கவனித்தார்.

அப்படிப்பட்ட புத்தகத்தை நம்பி அரசாங்கம் தன்னைக் கூப்பிடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. கூப்பிட்டது. புயல் மேலாண்மை வாரியம் என்று புதிதாக ஒன்று தொடங்கியிருந்தார்கள். சோழங்கரைத் துறைமுகத்தை ஒட்டி ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். அதன் தலைமைப் பொறியாளர் மிருணாளினி அவரை ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“புயலுக்குச் சாப்பாடு சூடான கடல் தண்ணி சார். பந்தியில இடதுபக்கத்து இலையை எடுத்துட்டா ஆளு வலதுபக்கம் நகர்ந்து உட்காருவாரு இல்லையா, அதேதான். முந்நூத்திச் சொச்சம் மிதவைக் குழாய் போட்டிருக்கோம். ஆழத்துல இருக்கற குளுந்த தண்ணியை உறிஞ்சி மேல ஊத்தும். அந்தப் பக்கம் சாப்பாடு இல்லன்னு ஆயிடும். புயல் இந்தப் பக்கம் சாயும். எண்பது கிலோமீட்டர் வரைக்கும் தள்ளலாம்.”

“நிறுத்த முடியாதாம்மா?”

“முடியாது சார். தள்ளத்தான் முடியும்.”

“தள்ளினா எங்க போகும்?”

மிருணாளினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அதுக்குத்தான் சார் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க.”

விஷயம் இதுதான். புயல் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போகட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயாராயில்லை. நாளைக்கு நீதிமன்றம், விசாரணை என்று யார் அலைவது? ஆகவே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சர்வசமயக் குழு ஒன்றின் ஒப்புதல் இல்லாமல் புயலைத் திருப்பக்கூடாது. அதிகாரிகள் போட மறுக்கும் கையெழுத்தைக் கடவுளின் ஆட்கள் போடட்டும் என்று ஏற்பாடு. அந்தக் குழுவுக்குச் செயலாளர் நாவுக்கரசு. கடவுளின் ஆட்களை மேய்க்க, கடவுளை நம்பாத ஒருவர் வேண்டியிருந்தது.

எட்டு மாதம் கூட்டம் நடந்தது. செய்யது அகமது ஆலிம் வந்தார். எழுபது வயது, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், எதையும் அவசரப்படாமல் பேசுகிற மனிதர். “நாம இங்க சொந்தக்காரங்க இல்ல தம்பி. நம்ம பொறுப்புல விட்டிருக்கு, அவ்வளவுதான். வானத்தை உசத்தி வெச்ச இறைவன் தராசையும் வெச்சான். அதைச் சாய்க்காதேன்னு சொல்லியிருக்கான். உங்க மெஷினு பண்ற வேலையே சாய்க்கறதுதானே?” என்று முதல் நாளே கேட்டார்.

ஃபாதர் சூசைநாதன், மனிதன் பூமியை ஆண்டுகொள்ளட்டும் என்ற வசனத்தை எடுத்து, அந்த ‘ஆண்டுகொள்ளட்டும்’ என்ற ஒரு சொல்லால் திருச்சபைக்கு எத்தனை தலைவலி என்று ஒரு முழுப் பிற்பகல் பேசினார். சைவ மடத்திலிருந்து வந்த குமாரசாமித் தம்பிரான், வைகை கரையை உடைத்தபோது இறைவனே கூலியாளாக வந்து கூடையில் மண் சுமந்த கதையைச் சொன்னார். “கரையைத்தான் அடைச்சார். ஆத்தைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிடல. அப்புறம் அவர் முதுகுல விழுந்த பிரம்படி எல்லார் முதுகுலயும் விழுந்தது. அதையும் குறிப்புல எழுதிக்குங்க” என்றார். கொழும்பிலிருந்து திரையில் தோன்றிய பிக்கு ஒருவர் மெஷினைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அதை இயக்குகிறவர் மனத்தில் அந்த நேரம் என்ன ஓடும் என்று மட்டும் கேட்டார். பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி யாரும் அவரைத் தொடர்புகொள்ளவில்லை.

இவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு வாக்கியம் எழுத வேண்டியது நாவுக்கரசின் வேலை. எழுதினார். ‘இயற்கை மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, ஒப்படைக்கப்பட்டதைக் காக்க அறிவைப் பயன்படுத்துவது கடமை.’ யார் ஒப்படைத்தது என்று எழுதவில்லை என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூன்று மதங்களை ஒரு செயப்பாட்டுவினையில் கட்டிப்போட்டுவிட்டதாக நாவுக்கரசுக்கு உள்ளூரப் பெருமை. வீட்டில் மனைவியிடம் இரண்டு தடவை வாசித்துக்காட்டினார். அவள் இரண்டாவது தடவை காய்கறிக்காரர் வந்துவிட்டதாகச் சொல்லி எழுந்துபோனாள். அன்றைக்குக் காய்கறிக்காரர் வரவில்லை.

ஆலிம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். புயலைத் திருப்பிவிட்டால், அது போய்ச் சேருகிற இடத்தில் பாதிக்கப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேட்டு நிலத்தில் மனையும் வீடும் தர வேண்டும். கடலில் அவர்களுக்கு இருக்கிற உரிமை கெடக்கூடாது. “இது இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்” என்றார். தன்னுடைய வாக்கியத்துக்குப் பக்கத்தில் மனைப்பட்டா மாதிரி ஒரு வரி வந்து நிற்பது நாவுக்கரசுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் சேர்த்தார்.

அந்தக் குழுவில் முள்ளிக்காட்டிலிருந்து ஒருவரும் இல்லை. அது சோழங்கரைக்குத் தெற்கே, கழிமுகத்தை ஒட்டிய ஆறு சின்னக் கடற்கரைக் குப்பங்கள். அங்கே கும்பிடுவது கன்னியம்மனை. கரை ஒதுங்கிய ஒரு படகுப் பலகைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருப்பார்கள், அதுதான் அம்மன். மடம் கிடையாது, தலைவர் கிடையாது, லெட்டர்பேடு கிடையாது. லெட்டர்பேடு இல்லாதது உலக மதம் ஆகாது என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அழைப்பிதழை எந்த முகவரிக்கு அனுப்புவது? நாவுக்கரசின் புத்தகத்திலும் அப்படிப்பட்ட சாமிகளெல்லாம் பின்னிணைப்பில்தான் இருந்தார்கள். இரண்டு பக்கம். சின்ன எழுத்து.

கார்த்திகையில் முதல் புயல் வந்தது.

காலை பதினொரு மணிக்குக் குழு கூடியது. திரையில் புயல் ஒரு வெள்ளைச் சக்கரமாகச் சுற்றிக்கொண்டு நேராகச் சோழங்கரையைப் பார்த்து வந்தது. ஊரில் மூன்று லட்சம் ஜனம். பெரிய ஆஸ்பத்திரி, அதில் எழுநூறு படுக்கை. மறுநாள் விடிவதற்குள் காலிசெய்ய முடியாது. தெற்கே தள்ளினால் முள்ளிக்காடு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர், ஐம்பது பஸ், நாலு மணி நேரத்தில் காலிசெய்துவிடலாம் என்று மிருணாளினி கணக்குச் சொன்னாள்.

ஃபாதர் பேனாவை எடுத்தார், வைத்தார். “ஆண்டவர் படகுல எழுந்திரிச்சு புயலைப் பார்த்து, இரையாதே, அமைதியாயிருன்னு அதட்டினார். பக்கத்து ஊருக்குப் போன்னு சொல்லல, புரொபசர்.”

“அவரால நிறுத்த முடிஞ்சுது ஃபாதர், நம்மால தள்ளத்தான் முடியுது” என்றார் நாவுக்கரசு. சொல்லும்போதே இதைப் புத்தகத்தின் மறுபதிப்பில் சேர்க்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. பின்னாளில் தன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் முதலில் அவருக்கு ஞாபகம் வருவது அந்த நினைப்புதான்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆலிம் போட்டபின் நெடுநேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்களை இயக்கச் சொல்லி உத்தரவு போனது. மாலைக்குள் புயல் தெற்கே சாய ஆரம்பித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முள்ளிக்காட்டில் கரையேறியது. சோழங்கரையில் நாலு மரம் விழுந்தது, ஒரு விளம்பரப் பலகை பறந்தது. அவ்வளவுதான். ஜனங்கள் பட்டாசு வெடித்தார்கள். தொலைக்காட்சியில் நாவுக்கரசைக் காட்டி, கீழே ‘புயலைத் திருப்பியவர்’ என்று ஓட்டினார்கள். அவர் திருப்பவில்லை, திருப்ப ஒப்புதல் வாங்கினார். ஆனால் அவ்வளவு நீளம் கீழ்ப்பட்டையில் இடம் இல்லை. தெருவில் பழ வண்டிக்காரர் சீப்புப் பழத்தைச் சும்மா கொடுத்தார். நாவுக்கரசு இரண்டு நாள் சந்தோஷமாகவே இருந்தார்.

மூன்றாம் நாள் வாரியத்தின் வாசலில் சத்தம் கேட்டது. காவலாளி ஒரு பெண்ணை உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும். சேலை நுனி சேற்றில் விறைத்திருந்தது.

“ஐடி கார்டு இல்லாம விடமாட்டாங்களாம். கார்டு கடல்ல கெடக்கு, போயி எடுத்துக்கிட்டு வரச் சொல்லு” என்று அவள் கத்திக்கொண்டிருந்தாள். நாவுக்கரசைப் பார்த்ததும் நிறுத்தினாள். “டிவியில வந்த வாத்தியாரு நீங்கதானே?”

“ஆமா. நீங்க?”

“முள்ளிக்காடு. அஞ்சலாட்சி. மீனு விக்கிறவங்க சங்கத்துக்குத் தலைவி.” அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆறு குப்பமும் இல்லீங்க. வூடு இருந்த எடத்துல தண்ணி ஓடுது. அது போவட்டும். எங்க அம்மனுக்கு மஞ்சள் பூசுற கலியன் போயிட்டாருங்க.”

ஐம்பது பஸ்ஸிலும் எல்லோரையும் ஏற்றியிருந்தார்கள். ஆட்டுக்குக்கூட லாரி வந்தது. கோழிக்குக் கூடை கொடுத்தார்கள். அம்மனை ஏற்றச் சொல்லி யாருக்கும் உத்தரவு இல்லை. பாதி வழியில் கலியன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பலகையை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், அரை மணி நேரம்தான் என்று போனவர் வரவில்லை. மறுநாள் மதியம் கழிமுகச் சதுப்பில், கண்டல் மரக்காட்டுக்குள் பிணமாகக் கிடைத்தார். பலகையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

“முன்னெல்லாம் கடல் எடுத்துச்சுன்னா அழுவோம். அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டு பத்து நாளு கடல்ல எறங்கமாட்டோம். அப்புறம் சமாதானம் ஆயிடும். பெத்தவகிட்ட எத்தினி நாளைக்குக் கோவம்? இப்ப யாருகூடய்யா சமாதானம் ஆவுறது? இந்தக் கண்ணாடிக் கட்டடத்துகூடவா?” என்றாள் அஞ்சலாட்சி.

அதற்குப் பிறகு நாவுக்கரசுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பிறர் பாவத்தையும் பரிகாரத்தையும் பாடமாக நடத்தியவர், தனக்கென்று வந்ததும் கடை கடையாக ஏறி இறங்கினார். முதலில் ஃபாதர் சூசைநாதனிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியுமா என்று கேட்டார்.

“நீங்க கிறிஸ்தவரே இல்லையே, புரொபசர்.”

“எந்த மதத்துலயும் இல்ல ஃபாதர். அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் சலுகை கிடைக்கும்னு நினைச்சேன்.”

ஃபாதர் சிரிக்கவில்லை. “நானும் கையெழுத்துப் போட்டவன்தானே. நான் யார்கிட்ட போறதுன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்” என்றார். இருவருமாகக் காப்பி குடித்தார்கள்.

தம்பிரானிடம் போனார். “சுமக்கணும். வேற என்ன?” என்று மூன்றே வார்த்தையில் அனுப்பிவிட்டார். கடைசியாக ஆலிமிடம் போனார். ஆலிம் அவருக்கு இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார். “இறைவனுக்குச் செஞ்ச தப்பை இறைவன் மன்னிப்பான் தம்பி. மனுசனுக்குச் செஞ்சதை அந்த மனுசன்தான் மன்னிக்கணும். அவங்களைத் தாண்டி அவன் மன்னிக்கறதில்ல. இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? அங்க போங்க.”

போனார். முள்ளிக்காட்டு ஜனங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தார்கள். ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில், கரும்பலகைக்குக் கீழே கலியனின் மனைவி செல்லக்கிளி உட்கார்ந்திருந்தாள். நாவுக்கரசு தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கு வசதியாக ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மன்னிப்புக் கேட்பது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது.

“என்னை மன்னிச்சிடும்மா.”

செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். “பஸ்ஸுல அந்தப் பலகைக்கு ஒரு எடம் போட்டிருந்தா, அவுரு ஏன்யா திரும்பிப் போவாரு?”

அவள் மன்னிக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, காலை உதறிக்கொண்டு எழுந்துவந்தார்.

ஆலிமின் நிபந்தனைப்படி மேட்டு நிலத்தில் மனை அளந்து கொடுத்தார்கள். புயல் திருப்பப்பட்டது என்று வாரியமே அறிவித்திருந்ததால் யாராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் அஸ்திவாரம் எழும்பிவிட்டது. இலக்கியத் தரமில்லாத அந்த ஒரு வரிதான் மொத்த அறிக்கையில் யாருக்காவது உதவியது என்பதை நாவுக்கரசு கவனிக்காமல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மிருணாளினி அவர் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“சார், குழாய் ஓடவே இல்ல.”

“எந்தக் குழாய்?”

“அன்னிக்கு. ஒன்பது மணி நேரம் ஓடணும். இருபத்திரண்டு நிமிஷம் ஓடிச்சு, நின்னுடுச்சு. மெயின் இணைப்புல உப்பு ஏறியிருந்திருக்கு. புயல் தானாத்தான் திரும்பிச்சு. ரெண்டு மாசமா கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். அந்த இருபத்திரண்டு நிமிஷத்தால ஒரு கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்காது.” அவள் இப்போதுதான் உட்கார்ந்தாள். “சேர்மனுக்கு எழுதிக் கொடுத்தேன். பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு. ரிப்பேர் மட்டும் பண்ணச் சொன்னாரு. பண்ணியாச்சு. மூணு தடவை கடல்ல ஓட்டிப் பார்த்துட்டேன், இப்ப ஓடுது. அடுத்த புயல்ல நெஜமாவே திரும்பும்.”

“அப்போ நாம யாரையும்...”

“யாரையும் ஒண்ணும் பண்ணல சார். நீங்களும் பண்ணல, நானும் பண்ணல.” சொல்லிவிட்டு அழுதாள்.

நாவுக்கரசுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. அந்த நிம்மதிக்கு அடியில் இன்னொன்றும் லேசாக உறுத்தியது. அது என்னவென்று உற்றுப்பார்த்தபோது அவருக்கே வெட்கமாகிவிட்டது. அது ஏமாற்றம். எட்டு மாதம் உழைத்து மூன்று மதங்களையும் இணைத்து எழுதிய வாக்கியத்தைப் புயல் சட்டையே செய்யவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மேட்டு நிலத்துக்கு ஓடினார். அஞ்சலாட்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவர் எழுப்புகிற கொத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைத் தனியே அழைத்து, மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் ஓடவில்லை. புயல் தானாக வந்தது. நாங்கள் காரணமில்லை.

அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும்” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“கலியன் முத நாளு காலையிலயே சொன்னாரு. நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி. காத்து மாறிடுச்சு, நீரோட்டம் தெக்க இழுக்குது, இது நம்ம பக்கந்தான் வரும்னு. அதனாலதான் சொன்னதும் எல்லாரும் பஸ்ஸுல ஏறுனோம். இல்லேன்னா நீங்க கூப்பிட்டா வந்துருப்போமா?”

“அப்போ அன்னிக்கு ஆபீசுக்கு வந்து...”

“அன்னிக்குச் சந்தேகம் இருந்துச்சு. நீங்கதான் திருப்புனோம்னு டிவியில சிரிச்சுக்கிட்டு சொல்றீங்க. அவ்ளோ பெரிய கட்டடம், ஒருவேளை நெஜமோன்னு வயிறு எரிஞ்சுது. அப்புறம் முகாம்ல நாங்களா உக்காந்து பேசுனோம். படிச்சவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்கன்னு விட்டுட்டோம்.”

“நான் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிடப்போறேன்.”

அஞ்சலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுக்கு?”

“உண்மை இல்லையா?”

“இதுக்கு முன்ன மூணு தடவை புயலு தானாதாங்க வந்துச்சு. வூட்டைத் தூக்கிப்போட்டுச்சு. என்னா குடுத்தாங்க? ஒரு தார்ப்பாயி, ஒரு பை அரிசி. சாமி குத்தம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இப்ப மனுசன் குத்தம்னு ஆனதாலதான் இந்தச் செவுரு எழும்புது. உங்க மனசு லேசாவணும்னு எங்க செவுத்தை இடிக்கணுமா?”

“ஆனா அது பொய்யில்லையா?”

“என்னா பொய்யி? எங்க பக்கம் போவட்டும்னு நெனச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க? புயலுதான் உங்க பேச்சைக் கேக்கல. போட்டது போட்டதுதானே?”

இயக்குகிறவர் மனத்தில் என்ன ஓடும் என்று அந்தப் பிக்கு கேட்டது அப்போதுதான் நாவுக்கரசுக்கு முழுசாக விளங்கியது. இணைப்பு அறுந்து பல மாதம் கழித்து.

“சரி, சொல்லல. ஆனா ஒண்ணு. அடுத்த தடவை மெஷின் நெஜமாவே ஓடும். நீங்க குழுவுல வந்து உக்காரணும்” என்றார்.

“எங்க அம்மனுக்கு லெட்டர்பேடு இல்லைன்னு சொன்னாங்களே?”

“நான் அடிச்சுத் தர்றேன்.”

அடித்துக் கொடுத்தார். சேர்மன் முகம் சுளித்தபோது, பீரோவில் இருக்கும் ஒரு கடிதத்தைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று மட்டும் மென்மையாகச் சொன்னார். முப்பத்தோரு வருஷ அறவியல் படிப்பில் அவர் செய்த முதல் மிரட்டல் அது. நன்றாகவே வேலை செய்தது. முதல் கூட்டத்தில் அஞ்சலாட்சி அந்த வாக்கியத்தை ஃபாதரை விட்டு உரக்கப் படிக்கச் சொன்னாள். “ஒப்படைக்கப்பட்டிருக்கிறதுன்னா, யாரு ஒப்படைச்சா? யாருகிட்ட? எங்ககிட்ட யாரும் ஒண்ணும் ஒப்படைக்கலியே. கடலு எங்களுது இல்ல, நாங்கதான் அவளோட ஆளுங்க” என்றாள். ஆலிம் வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டினார். தம்பிரான் சிரித்தேவிட்டார். ஒரே நாளில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, எந்த ஊருக்குப் புயல் போகுமோ அந்த ஊர் ஆட்கள் உட்காராமல் கையெழுத்து இல்லை என்று எழுதினார்கள். எளிமையான வரி. நாவுக்கரசுக்கு அதில் திருத்த ஒன்றுமே இல்லை.

வருஷம் திரும்பியது. முள்ளிக்காட்டுக் கரையில் கலியனுக்கு முதல் நினைவு நாள். புதுக் கொட்டகையில் பலகையை நட்டு, மஞ்சள் பூசியிருந்தார்கள். கலெக்டர் வந்தார், கேமராக்கள் வந்தன. நாவுக்கரசும் போனார். போக வேண்டும் என்று அஞ்சலாட்சி சொல்லியிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் செல்லக்கிளி எழுந்தாள். குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளினாள்.

“வந்துட்டியா? என் குடியைக் கெடுத்துட்டு, மால போட்டுக்கிட்டுச் சிரிச்சியே, நீ நல்லா இருப்பியா? மூணு லச்சம் பேரு உசுரு உசுரு, எம் புருசன் உசுரு மசுரா? கண்ணாடிக் கட்டடத்துல காத்தாடி போட்டுக்கிட்டு எங்க தலையெழுத்தை எழுதுறதுக்கு நீ யாருடா?”

மணல் அவர் சட்டையில் விழுந்தது, மூக்குக்கண்ணாடியில் விழுந்தது, வாயில் கொஞ்சம் போனது. கலெக்டர் வேறு பக்கம் பார்த்தார். கேமராக்கள் கிட்டே வந்தன. நாவுக்கரசு நின்றார். செய்யாத ஒன்றுக்காக ஊரே பார்க்க ஏச்சு வாங்கி நிற்கும்போது, பழக்கதோஷத்தில் அவர் மனம் ஒப்பாய்வைத் தொடங்கிவிட்டது. ஊர் பிழைக்க நஞ்சைத் தொண்டையில் நிறுத்தியவர், பிறர் பாவத்துக்காகச் சிலுவை சுமந்தவர் என்று அடுக்கிக்கொண்டு போனவர், தன் கழுத்தில் இருப்பது நஞ்சல்ல, மனைவி பின்னிக் கொடுத்த மப்ளர் என்பதைக் கவனித்ததும் அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதுவுமில்லாமல், கையெழுத்துப் போட்டது அவர்தானே.

செல்லக்கிளி கால் மணி நேரம் ஏசினாள். குரல் உடைந்து, அழுது, மறுபடி ஏசினாள். பிறகு எல்லாம் ஓய்ந்தது. கலெக்டர் போனார், கேமராக்கள் போயின. கொட்டகையின் பின்னால் இலை போட்டார்கள். நாவுக்கரசு சட்டையை உதறிக்கொண்டு நின்ற இடத்துக்கு, செல்லக்கிளி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“வாயைக் கொப்புளிங்க சார். மண்ணு போயிருக்கும்.”

அவர் கொப்புளித்தார். அவள் குரல் இப்போது வேறாக இருந்தது. மூத்த மகன் சற்றுத் தள்ளி, நாளைக்குக் கடலுக்குப் போக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள்.

“அஞ்சலாட்சிக்கா எல்லாம் சொல்லிடுச்சு. நீங்க ஒண்ணும் பண்ணலன்னு எனக்கும் தெரியும். கோச்சுக்காதீங்க.”

“தெரிஞ்சுமா?”

“உங்களைன்னா வாய்க்கு வந்தபடி திட்டலாம் சார். அவளைத் திட்டிட்டு, நாளைக்கு எம் மவனை எப்புடி அவகிட்ட அனுப்புறது?”

நாவுக்கரசு சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த வருசம் எத்தனை மணிக்கு வரணும்?”

“பத்து மணிக்கு வந்துருங்க. இப்ப சாப்பிட வாங்க.”